இன்-இயர் இயர்ஃபோன்: ஒலியும் காதுக்கு இதமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வட்டத்தில் யார் இயர்ஃபோன் வாங்கப் போனாலும் எனக்கு ஒரு வாட்ஸ்அப் வந்துவிடும். இங்கே சிங்கப்பூரில் அலுவலகத்திலும் தேக்கா காப்பிக் கடையிலும் கல்யாணப் பந்தியிலும்கூட இதே சந்தேகங்கள்தான். தனித்தனியாகப் பதில் தட்டிச் சலித்துப்போனதால், கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்து இங்கே எழுதியிருக்கிறேன். "எது பெஸ்ட்?" என்பதற்கு மட்டும் பதில் கிடையாது. ஏன் என்பது படிக்கப் படிக்கப் புரியும்.

இன்-இயர்னா எது? முன்னாடி ஐஃபோன்கூட வெள்ளையா ஒண்ணு கொடுப்பாங்களே, அதுவும் அதுதானே?

இல்லை. அந்த வெள்ளை இயர்பாட்ஸ் காதுத் துளையின் வாசலிலேயே உட்கார்ந்திருக்கும், உள்ளே போகாது. 'ப்ரோ' என்று போடாத ஏர்பாட்ஸும் அப்படித்தான். இன்-இயர் என்றால் முனையில் ரப்பரோ ஃபோமோ மாட்டியிருக்கும். அது துளைக்குள் கொஞ்சம் நுழைந்து அடைத்துக்கொள்ளும். ஏர்பாட்ஸ் ப்ரோ, சோனியின் டபிள்யூஎஃப்-1000எக்ஸ்எம்5, வயர் வைத்த மூன்டிராப், கேஇசட் எல்லாம் இந்த வகை.

அடைப்பு சரியாக விழுந்தால் ஒலியும் சரியாக இருக்கும், காதும் வலிக்காது. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு அடிப்படைப் பதில் இதுதான்.

மூணு சைஸ் ரப்பர் கொடுத்திருக்காங்க. என் சைஸ் எதுன்னு எப்படித் தெரியும்?

பெட்டியைப் பிரிக்கும்போது மாட்டியிருப்பது பெரும்பாலும் நடுத்தர அளவு. நிறையப் பேர் அதைக் கழற்றிப் பார்ப்பதே இல்லை. மூன்றையும் போட்டுப் பாருங்கள். இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதில்லை. இடதுக்கு நடுத்தரம், வலதுக்குச் சின்னது என்று போட்டுக்கொள்பவர்கள் பலர்.

போடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. வலது காதுக்குப் போடும்போது இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். வளைந்திருக்கும் துளை நேராகும். அந்த நேரத்தில் இயர்ஃபோனை லேசாகத் திருகி உள்ளே விட்டு, மடலை விட்டுவிடுங்கள். சரியாக உட்கார்ந்தால் பாட்டு ஓடாமலேயே வெளிச் சத்தம் மங்கும், உங்கள் குரல் உங்களுக்கே தலைக்குள் முழங்கும். அப்புறம் பாட்டைப் போட்டு, மெல்வதுபோல் தாடையை அசையுங்கள். தாடை அசைந்தால் காதுத் துளையின் வடிவமும் மாறும். அப்போதும் பேஸ் (தாழ்ந்த ஒலி) விட்டு விட்டு வராமல் நிலையாக இருந்தால் அதுதான் உங்கள் அளவு. ஏர்பாட்ஸ் ப்ரோவிலும் சில சோனி மாடல்களிலும் இதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. செய்து பாருங்கள், ஆனால் தாடைச் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

மூன்றுமே சரிப்படவில்லை என்றால் இயர்ஃபோனை மாற்றும் முன் ரப்பரை மாற்றுங்கள். ஸ்பின்ஃபிட், அஸ்லா, ஃபைனல் போன்றவர்கள் ரப்பர் மட்டும் தனியாக விற்கிறார்கள். கம்ப்ளை போன்ற ஃபோம் வகையை விரலால் உருட்டிச் சுருக்கி உள்ளே விட்டு, விரியும்வரை அரை நிமிடம் பிடித்துக்கொள்ள வேண்டும். வலி குறைவு, அடைப்பு நன்றாக இருக்கும். ஆனால் உயர்ந்த ஒலிகளைக் கொஞ்சம் மழுங்கடிக்கும், சில மாதங்களில் நைந்தும் போகும்.

நானூறு வெள்ளி கொடுத்து வாங்கினேன் அண்ணே, பேஸே இல்ல. ஏமாத்திட்டாங்களா?

கடைக்காரரைத் திட்டும் முன் ஒரு சோதனை. பாட்டு ஓடும்போது இரண்டு இயர்ஃபோனையும் விரலால் மெல்ல உள்ளே அழுத்துங்கள். பேஸ் சட்டென்று வந்தால் பழுது ரப்பரில்தான்.

காதுக்குள் அடைபட்டிருக்கும் கொஞ்சம் காற்றைத்தான் இயர்ஃபோனுக்குள் இருக்கும் குட்டி ஸ்பீக்கர், அதாவது ட்ரைவர், அழுத்தியும் தளர்த்தியும் ஒலி உண்டாக்குகிறது. மயிரிழை இடைவெளி இருந்தாலும் தாழ்ந்த ஒலிகளுக்கான அழுத்தம் அதன் வழியே கசிந்துவிடும். உயர்ந்த ஒலிகள் அவ்வளவாகப் பாதிக்கப்படாது. அதனால்தான் சத்தம் போதுமான அளவு இருந்தும் பாட்டு தகர டப்பா மாதிரி கேட்கிறது. செயலியில் பேஸைக் கூட்டினால் ட்ரைவருக்குப் பாரம் ஏறும், கசிவு அப்படியே இருக்கும்.

அரை மணி நேரத்துலயே காது வலிக்குது. போகப் போகப் பழகிடுமா?

வலிக்குப் பழக வேண்டியதில்லை. எங்கே வலிக்கிறது என்று பாருங்கள். துளைக்குள் வலித்தால் ரப்பர் பெரியது. வெளியே, துளையைச் சுற்றியுள்ள குழியில் வலித்தால் இயர்ஃபோனின் உடல் உங்கள் காதுக்குப் பெரியது. ரப்பரை மாற்றிப் பயனில்லை, வேறு மாடல்தான். நிறைய ட்ரைவர் வைத்த விலையுயர்ந்த வயர் மாடல்களில் இந்தத் தொல்லை அதிகம், சின்னக் காது உள்ளவர்கள் போட்டுப் பார்க்காமல் வாங்கவே கூடாது. காதுக்கு மேலே வலித்தால், வயரின் வளைந்த பகுதி கண்ணாடிக் காம்போடு சேர்ந்து அழுத்துகிறது. கண்ணாடியை முதலில் போட்டுவிட்டு, வயரை அதற்கு வெளிப்புறமாகச் சுற்றிவிடுங்கள்.

வலி இல்லாமல் விமானத்தில் அடைத்துக்கொள்வதுபோல் இருந்தால், உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. உடலில் குட்டித் துவாரம் வைத்த மாடல்களில் இது குறைவு. போட்டபின் மடலை ஒருமுறை இழுத்துவிட்டாலும் தீரும். இயர்ஃபோனைக் கழற்றிய பிறகும் வலி நீடித்தாலோ காதில் நீர் வடிந்தாலோ மருத்துவரிடம் போங்கள். அது ரப்பர் சமாச்சாரம் இல்லை.

நான் துடோங் போடுறேன். புளூடூத் இயர்ஃபோன்ல பாட்டு தானா நின்னு நின்னு போகுது.

தலையில் கட்டும் துடோங் துணி உரசுவதை இயர்ஃபோன் விரல் என்று நினைத்துக்கொள்கிறது. செயலிக்குள் போய்த் தொடு கட்டுப்பாட்டை அணைத்துவிடுங்கள். ஏர்பாட்ஸ் ப்ரோ மாதிரி காம்பை அழுத்தி இயக்கும் வகையில் இந்தச் சிக்கல் குறைவு. மைக்கின் மேலும் துணி உரசும் என்பதால், அழைப்பில் அந்தப் பக்கம் பேசுபவருக்குச் சரசரவென்று கேட்கும். காதுக்கு மேலாகச் சுற்றி வரும் வயர் இயர்ஃபோனைத் துணிக்கு உள்ளே விட்டு, மைக் கழுத்துக்குக் கீழே வெளியில் வருமாறு வைத்துக்கொள்வது பல அக்காமார்களுக்குச் சரிப்பட்டிருக்கிறது. இன்னொன்று: இயர்ஃபோனின் உடல் தட்டையாக, காதை விட்டுத் துருத்தாமல் இருக்க வேண்டும். துருத்தினால் துணியின் இறுக்கம் அதை உள்ளே தள்ளும், அரை மணி நேரத்தில் வலி வரும்.

நடந்தா காலடிச் சத்தம் டம் டம்னு தலைக்குள்ள கேட்குது. ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை. எலும்பு வழியாக வரும் தாழ்ந்த ஒலிகள் வழக்கமாகக் காதுத் துளை வழியே வெளியேறிவிடும். நீங்கள் வாசலை அடைத்துவிட்டதால் உள்ளேயே தங்குகின்றன. ரப்பர் சரியாக அடைத்திருக்கிறது என்பதற்கு இது சாட்சி. ஓடுவதற்கென்றால் வெளிச் சத்தத்தை உள்ளே விடும் வசதியைப் போட்டுப் பாருங்கள், இல்லையென்றால் வாசலில் உட்காரும் வகைக்குப் போங்கள். வயர் உரசும் சத்தம் வேறு. அதற்கு வயரைக் காதுக்கு மேல் சுற்றினால் போதும்.

கடையில ரெண்டு மாடலைப் போட்டுப் பார்த்தா எல்லாமே நல்லாத்தான் இருக்கு. எப்படி ஒப்பிடுறது?

கோல்மன் ஸ்திரீட்டில், சிட்டி ஹால் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தி அடெல்ஃபி ஹைஃபை கடைகளுக்குப் பேர் போனது. போட்டுப் பார்க்க விடும் கடை எதுவானாலும் உங்களுக்குப் பொருந்தும் ரப்பரைக் கையோடு கொண்டுபோங்கள். பலர் காதில் போன ரப்பரைப் போடவேண்டிய அருவருப்பும் இல்லை, ஒப்பீடும் ஒழுங்காக நடக்கும். ஒன்று உங்கள் ரப்பரில், மற்றொன்று கடை ரப்பரில் என்று கேட்டால் நீங்கள் ஒப்பிடுவது ரப்பர்களைத்தான்.

அடுத்தது சத்த அளவு. கொஞ்சமே கொஞ்சம் கூடுதலாக ஒலிப்பது நமக்குத் 'தெளிவாக' இருப்பதாகத் தோன்றும். சத்தம் குறையக் குறைய நம் காது பேஸை அதிகமாக இழக்கும் என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933லேயே அளந்து காட்டினார்கள். ஒலியளவை இரண்டுக்கும் ஒரே எண்ணில் வைத்தால் போதாது, ஏனென்றால் ஒவ்வொரு இயர்ஃபோனும் ஒவ்வொரு அளவில் ஒலிக்கும். பாடகர் குரல் இரண்டிலும் ஒரே உயரத்தில் கேட்கும்வரை ஒலியளவைச் சரிசெய்துவிட்டு, அதே முப்பது வினாடிப் பகுதியை மாற்றி மாற்றிக் கேளுங்கள். முதலில் அசத்துவது பல நேரம் பேஸும் ட்ரெபிளும் (உயர்ந்த ஒலி) தூக்கலாக இருப்பதுதான். பிடித்ததை இன்னும் இருபது நிமிடம் காதில் வைத்திருங்கள். காது வலிக்குமா, ட்ரெபிள் சலிக்குமா என்று அப்போதுதான் தெரியும்.

எந்தப் பாட்டைப் போட்டுப் பார்க்கணும்?

உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த பாட்டு. கடைக்காரர் போடும் ஆங்கில ஜாஸ் எதில் கேட்டாலும் நன்றாகத்தான் இருக்கும்.

நான் பார்ப்பது இவை. முதலில் மிருதங்கம். வலந்தலையின் (வலது பக்கத் தோல்) 'நம்', 'தின்' கூர்மையாக, சுருதியோடு வர வேண்டும். தொப்பிப் பக்கத்தின் (இடது பக்கத் தோல்) கும்காரம் ஆழமாக எழுந்து அடங்க வேண்டும். பேஸ் வீங்கிய இயர்ஃபோனில் தொப்பி நீண்டு முழங்கி வலந்தலையை மூடிவிடும். பேஸ் மெலிந்ததில் இரண்டு பக்கமும் ஒரே தோலாகக் கேட்கும். அடுத்தது நாகசுரம். 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை இயர்ஃபோன் தூக்கலாக இருந்தால் மேல் ஸ்தாயியில் காதைக் குத்தும், அந்தப் பகுதி பள்ளமாக இருந்தால் சீவாளியின் உயிர் போய்த் தூரத்தில் எங்கோ வாசிப்பதுபோல் இருக்கும். தம்புராவின் ரீங்காரம் நுணுக்கமான சோதனை. ஒரே முனகலாக இல்லாமல் உள்ளே இழை இழையாகப் பிரிந்து கேட்டால் அது நல்ல இயர்ஃபோன். பெண் குரலில் 'ச', 'ஸ' வரும் இடங்களைக் கவனியுங்கள். ஊசி குத்துவதுபோல் இருந்தால் ஒரு மணி நேரம் தாங்காது.

ஐம்பது, அறுபதுகளின் திரைப்பாட்டு ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். அவை மோனோ, இரண்டு காதுக்கும் ஒரே ஒலிதான் போகும். குரல் சரியாக நடுமண்டையில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கமோ மறுபக்கமோ ரப்பர் சரியில்லை. இடது, வலதை மாற்றிப் போட்டும் அதே இயர்ஃபோனின் பக்கம் சாய்ந்தால் இயர்ஃபோனே சரியில்லை. எண்பதுகளின் பாட்டுகளில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு மெட்டு பின்னிக்கொண்டு போகும். அதை முணுமுணுக்கும் அளவுக்குப் பின்தொடர முடிந்தால் சந்தோஷமாக வாங்கலாம்.

கிராஃப் பார்த்தே வாங்கிடலாமே? எதுக்கு கடைக்குப் போய்க்கிட்டு?

எந்த ஒலி எவ்வளவு தூக்கலாக வருகிறது என்று காட்டும் கிராஃப் பொய் சொல்லாது, ஆனால் அதை அளந்தது ஒரு செயற்கைக் காதில். பேஸ் எவ்வளவு, நடுப்பகுதி பள்ளமா மேடா என்பதை அதில் நம்பிப் பார்க்கலாம். திறந்த காதுத் துளை இயற்கையாகவே 3,000 ஹெர்ட்ஸ் சுற்றி ஒலியைத் தூக்கிக் கொடுக்கும். துளையை அடைத்ததும் அது போய்விடும், அதனால் நல்ல இன்-இயர்களில் அந்த இடத்தில் ஒரு மேடு வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். கிராஃபில் அதைக் கண்டு பயப்பட வேண்டாம். நிறையப் பேரைக் கேட்க வைத்து அவர்களின் விருப்பத்திலிருந்து வரைந்த ஹார்மன் நிறுவனத்தின் இலக்குக் கோட்டிலும் அந்த மேடு இருக்கிறது.

8,000 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் தெரியும் கூர்முனையை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அளக்கும் கருவியின் குழாயே அங்கே அதிர்வதால் வருவது அது. உங்கள் காதில் அந்த முனை எங்கே விழும் என்பது ரப்பர் எவ்வளவு ஆழம் போகிறது என்பதைப் பொறுத்தது. 'ஸ' குத்தினால் ஒரு சுற்றுச் சின்ன ரப்பர் போட்டு இன்னும் கொஞ்சம் ஆழமாக வைத்துப் பாருங்கள், முனை மேலே நகர்ந்து தொல்லை குறையலாம்.

பத்து ட்ரைவர் இருந்தா ஒண்ணைவிடப் பத்து மடங்கு நல்லதுதானே?

இல்லை. ஒரே ஒரு சாதாரண (டைனமிக்) ட்ரைவரோடு 2022இல் 20 அமெரிக்க டாலர் சுற்றி வந்த மூன்டிராப் சூ, செவன்ஹெர்ட்ஸ் ஸீரோ இரண்டும் பல மடங்கு விலையுள்ளவற்றோடு வைத்துப் பேசப்பட்டன. ட்ரைவர்கள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் ஒலியைச் சமன்படுத்துவது வடிவமைப்பாளரின் திறமை. நம்ம ஊர் கிரியேட்டிவ் 2023இல் அறிவித்த ஆர்வானா ஏஸில் சாதாரண ட்ரைவரோடு சிலிக்கான் சில்லில் செய்த ட்ரைவரும் உண்டு. புதுமைதான், ஆனாலும் அதையும் காதில் போட்டுப் பார்த்தே முடிவெடுங்கள்.

ரயில்ல ஏறினா ஒண்ணுமே கேட்கல, வால்யூமைக் கூட்டிக்கிட்டே போறேன். நாய்ஸ் கேன்சலிங் வாங்கியே ஆகணுமா?

தினமும் வடக்கு-கிழக்குப் பாதையிலோ டௌன்டவுன் பாதையிலோ சுரங்கத்துக்குள்ளேயே போய் வருபவர் என்றால், வாங்குவது நியாயம். நாய்ஸ் கேன்சலிங் தாழ்ந்த, தொடர்ந்து வரும் இரைச்சலை நன்றாக அமுக்கும்: ரயிலின் உறுமல், குளிர்சாதனம், விமானம். வளைவில் சக்கரம் கிறீச்சிடுவதையும் பக்கத்தில் பேசுவதையும் பெரும்பாலும் தடுப்பது ரப்பரின் அடைப்புதான். ஒழுங்காகப் பொருந்திய வயர் இயர்ஃபோனும் ஃபோம் ரப்பரும் பாதி வேலையைச் செய்துவிடும்.

வால்யூம் விஷயத்தில் விளையாட வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வைத்திருக்கும் வரம்பு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 90 டெசிபலில் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். பிள்ளைகளுக்கு வரம்பு 75 டெசிபல். ஐஃபோனில் சுகாதாரச் செயலி வாராவாரம் கணக்குக் காட்டும், பாருங்கள்.

வயரா புளூடூத்தா? எல்டிஏசி இருந்தா சவுண்டு சூப்பரா இருக்குமாமே?

எல்டிஏசி என்பது புளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்பும் ஒரு முறை (கோடெக்), அதிகபட்சம் நொடிக்கு 990 கிலோபிட் அனுப்பும். ஆனால் ஐஃபோனில் அது வேலையே செய்யாது, அங்கே ஏஏசி என்ற வேறு கோடெக்தான். ஆண்ட்ராய்டிலும் கூட்டமான ரயிலில் முழு வேகத்தில் வைத்தால் விட்டு விட்டுக் கேட்கலாம். மேலே சொன்ன கசிவு ஒலியைக் கெடுப்பதில் பத்தில் ஒரு பங்குகூட கோடெக்கால் கெடாது என்பது என் கருத்து.

கொடுக்கும் காசுக்கு ஒலி மட்டும் வேண்டுமென்றால் வயர். இருபது வெள்ளிக்குள் ஒரு யூஎஸ்பி-சி இணைப்பு வாங்கிக்கொண்டால் புதுக் கைப்பேசியிலும் போடலாம். வயர் அறுந்தாலும் கழற்றி மாற்றும் வகை என்றால் பல வருஷம் வரும். புளூடூத்தில் பேட்டரி இரண்டு மூன்று வருஷத்தில் சோர்ந்துவிடும், பெரும்பாலும் மாற்றவும் முடியாது. வசதிக்குத்தான் அந்தக் காசு.

பாட்டு அருமையா கேட்குது, லேப்டாப்ல மீட்டிங் போட்டதும் பழைய ரேடியோ மாதிரி ஆயிடுதே?

மைக்கும் வேலை செய்ய வேண்டியிருப்பதால் புளூடூத் அழைப்பு முறைக்கு மாறிவிடுகிறது, அதில் ஒலி குறுகும். மீட்டிங் அமைப்பில் மைக்கை மட்டும் லேப்டாப்பின் சொந்த மைக்குக்கு மாற்றுங்கள், பழைய ஒலி திரும்பும்.

நம்ம ஊர் வெக்கைக்கு காதெல்லாம் ஈரம், அரிப்பு. ஐபிஎக்ஸ்4 போட்டிருக்கே, கழுவலாமா?

ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். குழாயடியில் காட்டுவதற்கு இல்லை. சார்ஜ் பெட்டிக்கு அந்தத் தரமும் பல மாடல்களில் கிடையாது. வியர்வையோடு உள்ளே போட்டு மூடினால் சார்ஜ் ஊசிகள் அரித்துப்போகும். துடைத்துவிட்டு வையுங்கள். ரப்பரை மட்டும் கழற்றிச் சோப்பு நீரில் அலசி, முழுதும் காய்ந்தபின் மாட்டுங்கள்.

காதுக்கும் அதே கதைதான். குளித்ததும் ஈரக் காதில் மாட்டிக்கொண்டு கிளம்புவது தொற்றுக்கு அழைப்பு. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றிக் காற்றாட விடுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைஞ்சுபோச்சு.

பெரும்பாலும் குறும்பி. ரப்பரைக் கழற்றினால் முனையில் ஒரு குட்டி வலை தெரியும். வெளிச்சத்தில் பார்த்து, வலை கீழ்நோக்கி இருக்குமாறு பிடித்து, காய்ந்த மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். ஊசியால் குத்தினால் அழுக்கு உள்ளே போய்விடும். வலை சுத்தமாக இருந்தும் குறைவாகவே கேட்டால், மோனோ பாட்டை வைத்து இடது வலது மாற்றும் சோதனையைச் செய்யுங்கள். மாற்றிப் போட்டும் அதே காதிலேயே குறைவாகக் கேட்டால் குறும்பி உங்கள் காதுக்குள் இருக்கலாம். பஞ்சுக் குச்சியை விடாமல் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள்.

நூறு மணி நேரம் ஓடவிட்டாத்தான் சவுண்டு திறக்கும்னு கடைக்காரர் சொன்னார்.

திருப்பிக் கொடுக்கும் நாள் அதற்குள் கடந்துவிடும். மாறுவது பெரும்பாலும் நம் பழக்கம்தான். முதல் வாரத்தில் பிடிக்காதது பின்னால் பிடிக்கலாம், ஆனால் வலியும் குத்தும் 'ஸ'வும் ஓடவிட்டுத் தீராது.

காதுக்குச் சேரலன்னா திருப்பிக் கொடுக்கலாமா? லெமன் சட்டம் இருக்குல்ல?

பழுதான பொருளை வாங்கியவரைக் காக்கும் அந்தச் சட்டம் 2012 செப்டம்பர் முதல் இருக்கிறது. பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், விற்கும்போதே இருந்த பழுதாக எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று காட்டவேண்டியது கடைக்காரர் பொறுப்பு. ஆனால் காதுக்குச் சேராதது பழுது இல்லை. சுகாதாரத்தைக் காரணம் காட்டிப் பல கடைகள் திறந்த இன்-இயரைத் திரும்ப எடுக்காது, காசு கட்டும் முன் கேட்டுவிடுங்கள். ஆளுக்கு ஆள் விற்கும் கேரோசல் தளத்தில் தனியாள் ஒருவரிடம் வாங்கினால் இந்தச் சட்டம் உதவாது. வெளிநாட்டு இணையக் கடை மலிவு என்பவர்கள், 2023 முதல் அங்கிருந்து வரும் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் பொருள் சேவை வரி உண்டு, 2024 முதல் அது 9 விழுக்காடு என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

நானும் என் தம்பியும் ஒரே மாடல்தான் வச்சிருக்கோம். எனக்குத் தேன், அவனுக்குக் குத்துது. யார் காது சரி?

இரண்டும். கிராஃப் கேள்வியில் சொன்ன அந்த 8,000 ஹெர்ட்ஸ் முனை உங்களுக்கு ஒரு இடத்தில், அவருக்கு வேறு இடத்தில் விழுகிறது. துளையின் நீளம், வளைவு, ரப்பர் போன ஆழம் எல்லாம் ஆளுக்கு ஆள் வேறு. வயதும் சேரும், உயர்ந்த ஒலிகள் நமக்கு வருஷத்தோடு குறைந்துகொண்டே வரும். உங்களைவிட அவர் பத்து வயது இளையவர் என்றால், உங்களுக்கு எட்டாத குத்தல் அவருக்கு எட்டலாம்.

அவரிடம் முதலில் உங்கள் ரப்பரைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அலசிவிட்டுத்தான். அப்படியும் குத்தினால் செயலியில் 6,000 முதல் 9,000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு இடமாக 3 டெசிபல் இறக்கிப் பார்க்கட்டும். எங்கே இறக்கியதும் நிம்மதியாக இருக்கிறதோ அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால், அடுத்த இயர்ஃபோன் வாங்கும்போது கடையிலேயே உதவும்.